மொரீஷியஸில் ஃபிளாட் வாங்கும் முன் விதிப்புத்தகத்தைக் கேளுங்கள்

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். "அக்கா, மொரீஷியஸ்ல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். பால்கனியில நின்னா கடல் தெரியுது." சென்னையிலிருந்து கேட்பார்கள், சிங்கப்பூரிலிருந்து கேட்பார்கள், லண்டனிலிருந்தும் கேட்பார்கள். கடலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். மாதப் பராமரிப்பு எவ்வளவு, மொட்டைமாடிக்குக் கடைசியாக எந்த வருடம் வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்கள் என்று நான் கேட்டால் எதிர்முனையில் சத்தமே இருக்காது.

நான் மதுரை செல்லூர்க்காரி. கணவருக்கு எபென் சைபர் சிட்டியில் வேலை கிடைத்து 2010-ல் வந்தோம். எட்டு வருடம் காத்ர் போர்னில் வாடகைக்கு இருந்தோம். 2018-ல் வடக்கே பெரிபேரில், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள ஒரு கட்டடத்தில் ஃபிளாட் வாங்கினோம். இரண்டு படுக்கையறை, 96 சதுர மீட்டர், 74 லட்சம் மொரீஷியஸ் ரூபாய். மொத்தம் 16 வீடுகள். நாங்கள் ஒரு வீடு, உள்ளூர்க் குடும்பங்கள் மூன்று. மீதியெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள், தென்னாப்பிரிக்கர்கள், இங்கிலாந்துக்காரர்கள். இப்போது நான் இதே மாதிரிக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலைக்கு என்னைத் தள்ளியதே நாங்கள் வாங்கிய ஃபிளாட்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும் உரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு

முதலில் இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் இங்கே பிடித்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்ட முடியாது. அயல்நாட்டவர் சொத்து வாங்குவதைக் கட்டுப்படுத்த 1975-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதில் பிற்பாடு சில வாசல்களைத் திறந்தார்கள். 2002-ல் ஐ.ஆர்.எஸ். என்ற திட்டம் வந்தது, பெரும் பணக்காரர்களின் கடற்கரை வில்லாக்களுக்கு. 2007-ல் அதைவிடச் சிறிய ஆர்.இ.எஸ். 2015-ல் இரண்டுக்கும் பதிலாக பி.டி.எஸ்.; அதே வருடம் ஸ்மார்ட் சிட்டி. இவையெல்லாம் அரசு ஒப்புதலோடு கம்பெனிகள் கட்டும் வளாகங்கள். பழைய ஐ.ஆர்.எஸ்., ஆர்.இ.எஸ். வீடுகள் மறுவிற்பனைக்கு வரும்.

சம்பளக்காரர்களுக்கு ஏற்ற வாசல் இன்னொன்று. தரைக்கு மேல் குறைந்தது இரண்டு மாடியுள்ள கட்டடத்தில், குறைந்தபட்சம் 60 லட்சம் ரூபாய் விலையுள்ள ஃபிளாட்டை வெளிநாட்டவர் வாங்கலாம். எந்த வாசல் வழியாகப் போனாலும் பொருளாதார மேம்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். இங்கே எல்லோரும் அதை ஈ.டி.பி. என்பார்கள். ஒரு மாடி மட்டுமே உள்ள அழகான வீட்டைக் காட்டி, "இதுவும் அந்த வகைதான் மேடம்" என்று தரகர் சொன்னால் தரையிலிருந்து விரல்விட்டு எண்ணுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி 65 லட்சத்துக்கு ஃபிளாட் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு இனி விசா எப்பக்கா வரும்?" என்று என்னிடம் கேட்டார்கள். வராது. வீடு வாங்கியதற்காகக் குடியிருப்பு அனுமதி வேண்டுமென்றால் விலை 3,75,000 அமெரிக்க டாலரைத் தொட வேண்டும். டாலர் 45 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1 கோடியே 69 லட்சம் மொரீஷியஸ் ரூபாய். அதற்குக் கீழே வாங்கினால் வீடு உங்களுடையது, நீங்கள் விருந்தாளி. நாங்கள் இங்கே இருப்பது கணவரின் வேலை அனுமதியில்தான், ஃபிளாட்டினால் இல்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு வீடு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து குறிப்பிட்ட தொகை இங்குள்ள வங்கிக்கு வந்துகொண்டிருக்க வேண்டும்.

"உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிக்கலாம், அனுமதியே வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். அது பினாமி. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இங்கேயும்.

கடலோரத்தில் தனி வீடு, மணலில் கால் வைத்தால் தண்ணீர் என்கிற ஆசைக்கும் ஒரு தகவல். கரையிலிருந்து 81.21 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அரசுக்கு ஒதுக்கிய நிலம். பெயர் 'பா ஜியோமெத்ரிக்'. காம்ப்மான் எனப்படும் அந்தக் கடலோர வீடுகளில் பெரும்பாலானவை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த மண்ணில் நிற்பவை. கடற்கரை எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேலிக்கு வெளியே நாலு குடும்பம் பிரியாணி தேக்சாவோடும் செகா பாட்டோடும் உட்காரும். அது அவர்கள் உரிமை.

பணம் எங்கிருந்து வருகிறது

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி விதித்த வரம்பு, ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். மேலே சொன்ன 3,75,000-ஐ ஒரே ஆள் ஒரே வருடத்தில் அனுப்ப முடியாது. கணவன், மனைவி இருவரும் கூட்டு உரிமையாளர்களாக இருந்தால் இருவரின் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று திட்டமிட வேண்டும். அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி பிறகு உங்கள் வருமான வரிக் கணக்கில் கழியும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது என்பதைக் கணக்கில் வையுங்கள். இந்திய வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் இந்த ஃபிளாட்டை வருடாவருடம் காட்டவும் வேண்டும். மறந்தால் அபராதம் ஃபிளாட் விலையை நினைவுபடுத்தும்.

ஒவ்வொரு அனுப்புதலுக்கும் வங்கி தரும் ஸ்விஃப்ட் தாளைப் பத்திரமாக வையுங்கள். வெளியிலிருந்து முறையாக வந்த பணம் என்று ஈ.டி.பி.க்கும் நோட்டரிக்கும் காட்ட வேண்டும். பின்னால் விற்றுப் பணத்தைத் திருப்பி எடுத்துப் போகும்போதும் அதே தாளைத்தான் தேடுவீர்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் சிலர் கேட்பது: "பத்திரத்துல கொஞ்சம் குறைச்சுப் போடலாமா?" கூடாது. விலை குறைவாகத் தெரிந்தால் அரசு மதிப்பீட்டாளர் திருத்துவார், வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். 60 லட்சம் எல்லையிலேயே வாங்குபவர் குறைத்துப் போட்டால் அனுமதியே கிடைக்காது.

பேர்ஷும் சென்ட்டும்

உள்ளூர் விளம்பரங்களில் நிலம் ஆர்பானிலும் பேர்ஷிலும் இருக்கும். 100 பேர்ஷ் ஒரு ஆர்பான். ஒரு ஆர்பான் ஏறக்குறைய 4,221 சதுர மீட்டர். மனதில் போட்டுக்கொள்ள எளிய வழி: ஒரு பேர்ஷ் நம் ஒரு சென்ட்டைவிடத் துளி பெரிது. சென்ட் 435.6 சதுர அடி, பேர்ஷ் சுமார் 454. அலுவலகத்துக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பையன்களிடம் இதைச் சொன்னதும் முகம் தெளியும். ஃபிளாட்டைச் சதுர மீட்டரில்தான் விற்பார்கள். பால்கனியையும் சேர்த்த அளவா, சேர்க்காததா என்று கேளுங்கள். எங்கள் 96-ல் 18 பால்கனி.

ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஜூலையில் வந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு தீவு, பிப்ரவரியில் வருபவருக்கு இன்னொன்று. குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் விடாமல் அடிக்கும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃப்ளாக்கிலும் தமரினிலும் அதே நாள் அமைதியாக, காய்ந்து கிடக்கும். மேலே க்யூர்பிப்பில் அடிக்கடி தூறல். அலமாரித் துணி பூசணம் பிடிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை. மூன்று வந்துவிட்டால் பேருந்து இல்லை, கடை இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். 1960-ல் கரோல் புயல் மர வீடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகுதான் இங்கே கான்கிரீட் பெட்டி வீடுகள் பெருகின. ஆகவே சுவர் பயமில்லை. பயம் கண்ணாடிக் கதவும் தண்ணீரும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். என் கணவரின் சக ஊழியருடைய கார் அதில் ஒன்று.

எனவே பிடித்த கட்டடத்துக்குப் பெருமழை பெய்த மறுநாள் போய் நில்லுங்கள். தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காவலாளியிடம் கேளுங்கள், தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

விதிப்புத்தகம்

இப்போது எங்கள் கதை. 2018 மே மாதம் பத்திரம் பதிந்தோம். ஜூலையில் ஒரு கடிதம், முழுக்கப் பிரெஞ்சில். என் பையன் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து மொழிபெயர்த்தான். மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் லிஃப்ட் பழுதுக்கும் சேர்த்து 18 லட்சம் ரூபாய் செலவு. எங்கள் பங்கு 1,11,600 ரூபாய். 30 நாளில் கட்டுக. நாங்கள் குடிவந்து எட்டு வாரம்தான். புது வீட்டுக்கு மிக்ஸி கூட வாங்கியிருக்கவில்லை.

கோபத்தோடு கீழே இறங்கியபோது தரைத்தளத்து இங்கிலாந்துக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவார்கள். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "இதை ஜனவரிக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோமே. வாங்கும் முன் மினிட்ஸைக் கேட்கவில்லையா?" என்றார். கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவருக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் ஸ்பெயின். அவரும் மனைவியும் முன்பு அலிகாந்தே பக்கம் கடலோர ஊர் ஒன்றில் ஃபிளாட் வைத்திருந்தார்கள். தெருவில் பாதி இங்கிலாந்துக்காரர்களாம். வருடத்தில் ஆறு மாதம் அங்கே இருப்பார்கள். அங்கேயும் உரிமையாளர்கள் சங்கம் உண்டு, தலைவர் உண்டு, கணக்குப் பார்க்கும் நிர்வாகி உண்டு, வருடக் கூட்டம் உண்டு. அங்குள்ள சட்டத்தில், விற்றவர் சங்கத்துக்குப் பாக்கி வைத்துப் போனால் நடப்பு வருடத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று வருடங்களுக்கும் வாங்கியவரின் வீடு பொறுப்பு. அதனால் பாக்கி இல்லை என்று நிர்வாகியிடம் சான்று வாங்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்த ஃபிளாட்டையும் அவர்கள் 2021-ல் விற்றுவிட்டார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு, அந்த வருடம் ஜனவரி 1 முதல், அங்கே குடியிருப்பு அனுமதித் தாள் எடுக்காத பிரிட்டன்காரர்கள் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்றாகிவிட்டது. ஆறு மாதம் இருந்த பழக்கக்காரருக்கு அது போதவில்லை. இப்போது முழுநேரமும் பெரிபேர்தான்.

அவர் சொல்லித்தந்ததை வைத்து நான் படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் தொடங்கியது, அடுத்த வருடம் வேலையாகிவிட்டது.

இங்கே அடுக்குமாடி என்பது கூட்டு உடைமை. உங்கள் நாலு சுவர் உங்களுடையது. மாடிப்படி, கூரை, நீச்சல்குளம், தண்ணீர்த் தொட்டி, மதில் எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கைத் 'தந்தியேம்' என்பார்கள். எங்களுடையது ஆயிரத்தில் 62. அந்த 18 லட்சத்தை 62-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், என் கோபத்தின் அளவு கிடைக்கும். கூட்டத்தில் வாக்கும் அதே கணக்கில்தான். தலைக்கு ஒரு வாக்கு இல்லை. இரண்டு பென்ட்ஹவுஸ் வைத்திருப்பவர் நாலு சிறு வீட்டுக்காரர்களைத் தூக்கிச் சாப்பிடலாம்.

கட்டடத்தை நடத்துபவர் சிண்டிக். அவரிடமோ விற்பவரிடமோ கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்கி, பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். முதலாவது விதிப்புத்தகம். அதன் பிரெஞ்சுப் பெயர் நம் வாயில் நுழைவதற்குள் கூட்டமே முடிந்துவிடும். நாய் வளர்க்கலாமா, பால்கனியில் துணி காயப்போடலாமா, நாள் வாடகைக்கு விடலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் கட்டடத்தில் பால்கனியில் துணி கூடாது. காஞ்சிப் பட்டுச் சேலையை உள்ளே மின்விசிறிக் காற்றில்தான் உலர்த்துகிறேன். அடுத்தது கடைசி மூன்று வருடக் கூட்ட மினிட்ஸ். பிறகு பராமரிப்புக் கணக்கு: யார் யார் பாக்கி, பெருஞ்செலவுக்கென்று ஒதுக்கிவைத்த நிதி எவ்வளவு. நிதி பூஜ்யம், கட்டடத்துக்கு வயது 12 என்றால் பெரிய பில் வரப்போகிறது என்று அர்த்தம். மாதக் கட்டணம் குறைவு என்று தரகர் பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எங்களுடையது 2018-ல் 7,800 ரூபாய், இப்போது 11,400. ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. அதில் ஒரு பகுதி கூரைக்காகச் சேர்கிறது.

முக்கியமான வரி இதுதான். விற்பனை ஒப்பந்தத்திலேயே, "இந்தத் தேதிக்கு முன் கூட்டம் நிறைவேற்றிய சிறப்புச் செலவு விற்பவர் பொறுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில் பணம் கட்ட வேண்டிய தேதி பத்திரத்துக்குப் பின்னால் விழுந்தது, ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. விற்றவர் அதற்குள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

கார் நிறுத்துமிடமும் சாமான் அறையும் பத்திரத்தில் தனி எண்ணோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். "இது உங்க பார்க்கிங்தான்" என்று கை காட்டினால் போதாது. நாள் வாடகைக்கு விடுவது உங்கள் எண்ணம் என்றால், விதிப்புத்தகம் அனுமதித்தாலும் சுற்றுலா ஆணையத்தின் சான்றிதழ் தனியாக வேண்டும்.

நோட்டரி, பெயர், பிள்ளைகள்

நம் ஊரில் நோட்டரி என்றால் கோர்ட் வாசலில் மரத்தடியில் முத்திரை குத்துபவர். இங்கே நோட்டரி பெரிய அதிகாரி. சொத்து மாற்றப் பத்திரத்தை அவர்தான் எழுத வேண்டும், பணம் அவர் கணக்கு வழியாகத்தான் கை மாறும், வில்லங்கம் பார்ப்பதும் பதிவதும் அவர் பொறுப்பு. எல்லாம் நெப்போலியன் சட்டத்தின் வழி வந்தது. வெள்ளைக்காரன் 1810-ல் தீவைப் பிடித்தும் அதை மாற்றவில்லை. விற்பவரின் நோட்டரியே போதும் என்பார்கள். நீங்கள் தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வையுங்கள்.

முதலில் ஒப்பந்தம், அதற்குப் பிறகு ஈ.டி.பி. அனுமதி, கடைசியில் பத்திரம். அனுமதி வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முன்பணம் நோட்டரியிடம் இருக்கட்டும், விற்பவர் கையில் வேண்டாம். இன்னும் கட்டி முடியாத ஃபிளாட் என்றால், கம்பெனி பாதியில் நின்றாலும் கட்டி முடிக்கப் பணம் தருவதாக வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ கொடுத்த உத்தரவாதத் தாளைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது. பதிவுக் கட்டணம் நாங்கள் வாங்கியபோது 5%, அதாவது 3,70,000 ரூபாய். நோட்டரி கூலி தனி. அதன்மேல் 15% வாட். ஜூன் மாதப் பட்ஜெட்டில் இந்த விகிதங்களைத் தொடுவார்கள், அதனால் பத்திரம் பதியும் மாதத்துக் கணக்கை நோட்டரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு என்றே ஒரு தொல்லை: பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நோட்டரியின் எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் பிறப்புச் சான்று, திருமணச் சான்று இரண்டையும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்தில் முத்திரையோடு வரவழைத்தோம். ஏழு வாரம் ஆனது. பத்திரத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியது. அன்றிலிருந்து கட்டடத்தில் நான் 'மதாம் சுப்பையா'. செல்லூரில் அப்பாவுக்குச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யோசித்தால் இங்குள்ள பிள்ளை, வீரப்பன், முத்து வகையறாக்கள் பலருக்கும் குடும்பப் பெயர் வந்தது இதே வழியில்தான்; கப்பலிலிருந்து இறங்கியவரின் பெயரைப் பதிவேட்டுக்காரர் எழுதினார், அது பேரன் வரை ஒட்டிக்கொண்டது. உங்கள் எல்லாத் தாளிலும் எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் விரிந்திருக்கட்டும். கிளம்பும் முன் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

நோட்டரி இன்னொரு கேள்வி கேட்பார்: திருமணம் எந்தச் சொத்து முறையில், பொதுச்சொத்தா, தனித்தனியா? விழிக்காதீர்கள். எங்கே, எந்தச் சட்டப்படி மணம் நடந்தது என்று சான்றோடு சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்வார்.

உயில் விஷயத்தில் தரைத்தளத் தாத்தாவே ஏமாந்தார். ஸ்பெயினில் அவர் ஆங்கிலச் சட்டப்படி உயில் எழுதியிருந்தார். 2015 ஆகஸ்ட் 17 முதல் அங்கே நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி, தன் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்துகொள்ள அனுமதிக்கிறது. எல்லாம் மனைவிக்கு என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். இங்கே அது செல்லாது. மண்ணும் வீடும் மொரீஷியஸ் சட்டத்தின் கீழ். பிள்ளைகளின் பங்கில் கை வைக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நாலில் மூன்று பங்கு அவர்களுக்கு ஒதுங்கிவிடும். மீதியைத்தான் விருப்பப்படி எழுதலாம். அவர் முகம் இரண்டு நாள் சரியில்லை. முதல் மனைவியின் மகனோடு பேச்சுவார்த்தை கிடையாது. நமக்கும் குடும்பங்களில் இப்படி முடிச்சுகள் உண்டு, ஆகவே வாங்கும் நாளிலேயே எந்தப் பெயரில், எந்தப் பங்கில் என்று நோட்டரியிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.

உப்பும் தண்ணீரும்

கடல் தெரிந்தால் உப்பு வரும். கடல் பக்கம் வைத்த எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி மூன்றாம் வருடம் துருப்பிடித்து உதிர்ந்தது; உள்பக்கச் சுவரில் வைத்தது இன்னும் ஓடுகிறது. ஜன்னல் கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய். வாங்கும் முன் பார்க்க வேண்டியது பால்கனிக் கைப்பிடியின் அடிப்பகுதி. பெயின்ட் புதிதாக மினுங்கினால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மழை வரும் முன், அக்டோபர், நவம்பரில் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வரும். கட்டடத்தில் தொட்டி எவ்வளவு, பம்பு ஓட ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். புயலுக்கு மறுநாள் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து நிற்கும்.

அன்றாடம் பற்றி அதிகம் பயம் வேண்டாம். பிளக் இங்கிலாந்து மாதிரி மூன்று கட்டை முனை. இந்தியாவிலிருந்து மிக்ஸி கொண்டுவந்தால் அடாப்டர் வேண்டும். சந்தையில் முருங்கைக்கீரைக்கு 'ப்ரேத் முரூம்', கொத்தமல்லிக்கு 'கோத்தொமிலி', கறிவேப்பிலைக்கு 'காரிப்புலே', பீர்க்கங்காய்க்கு 'பிப்பாங்காய்'. முதல் நாள் காதில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. காய் விற்ற அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் நெற்றியில் குங்குமம் இருந்தது. இங்குள்ள தமிழர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறார்கள். அவர்களிடம் போய், "உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். எதிரில் இருந்த பெரியவர் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, அதில் இருந்த தமிழ் எழுத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

சாவி வாங்கும் நாளை வார நாளாக வையுங்கள். சி.இ.பி. மின் மீட்டர், சி.டபிள்யூ.ஏ. தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணையும் விற்பவர் முன்னிலையில் படம் எடுத்து, அதே தேதியில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். கேட் ரிமோட் எத்தனை, தபால்பெட்டிச் சாவி எங்கே என்று எண்ணி வாங்குங்கள். சிண்டிக்கிடம் உங்கள் மின்னஞ்சலை எழுதிக்கொடுத்து, அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று கேளுங்கள். ஊரில் இல்லை என்றால் வாக்களிக்கப் பிரதிநிதிக் கடிதம் ஒன்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் கட்டடத்தில் அந்தக் கடிதங்கள் பாதிக்கு மேல் தாத்தாவிடம் இருக்கும், மீதி என்னிடம்.